காத்திருக்க இயலாப் பண்டம்

(பர்கூரில் நம் சங்கத்தின் மார்கழிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உலக வாணிகத்தின் போக்கைக் குறித்துப் பேசுக என்று செயற்குழுவார் எம்மைப் பணித்தபோது யாம் சற்றே திகைத்தோம். இலக்கணமும் இலக்கியமும் பயிற்றுதலே எம் தொழில். ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளை ஆராய்தல் அன்று. எனினும், ஐப்பசித் திங்களில் இம்மண்டபத்தே கூடிய கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, "மாமரத்தை வைத்திருப்பதா, வெட்டி விறகுக்குப் போடுவதா? படித்தவர்கள் சொல்லுங்கள்" என்று வினவினார். படித்தவர் எனப்பட்ட நாம் அனைவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி வாளா இருந்தோம். அன்று சொல்லாத விடையை இன்று சொல்ல முயல்கின்றோம். அவ்விடை பர்கூரில் இல்லை. கப்பல் செல்லும் கடல்வழியிலும், அயல்நாட்டுத் துறைமுகங்களிலும், பீப்பாய் அடுக்கிய கிடங்குகளிலும் இருக்கின்றது. ஆதலின் நம்முடைய தோப்பிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிவந்து மீண்டும் தோப்பிற்கே சேர்தல் இன்றியமையாததாயிற்று.

2025-ஆம் ஆண்டு ஆனித் திங்களை நினைவுகூருங்கள். பள்ளி திறந்து சின்னாட்களே ஆகியிருந்தன. எம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவனைக் காரணம் வினவினோம். "அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன் ஐயா, டிராக்டர் இன்னும் ஆலைக்குள் போகவில்லை" என்றான். மாங்கூழ் ஆலையொன்றின் வாயிலில் வண்டிகள் நெடுந்தொலைவு வரிசையாய் நின்ற நாட்கள் அவை. மேலே இருந்த பழத்தின் சுமையால் அடியிலிருந்த பழம் நசுங்கிச் சாறொழுகி, வண்டியின் அடியில் ஈ மொய்த்துக் கிடந்தது. கிளிமூக்குப் பழம் கிலோ ஒன்றுக்கு 4 ரூபாயும் 5 ரூபாயுமாக வீழ்ந்தது. பறிகூலியும் வண்டி வாடகையும் போக எஞ்சுவது ஒன்றுமில்லை எனக் கண்டு, பழத்தை மரத்திலேயே விட்டவர்களும் நம்மில் உளர். சாலையோரம் கொட்டிச் சென்றவர்களும் உளர்.

கிளிமூக்கு என்று நாம் வழங்குவதும், பெங்களூரா என்று மண்டியில் எழுதுவதும், தோத்தாபுரி என்று ஆலைக்காரர் கூறுவதும் ஒரே பழமே. தோத்தா என்பதற்கும் கிளி என்றே பொருள். ஆதலின் பெயர் மாறினும் கிளி மாறவில்லை. இப்பழம் உண்பதற்கு இனிதாயினும், நம் நாட்டில் இது பெரும்பாலும் கூழாதற்கே விளைகின்றது. இந்தியாவில் மாங்கூழ் ஆலைகள் மிக்கிருக்கும் இடங்கள் இரண்டு: ஒன்று ஆந்திர நாட்டுச் சித்தூர், மற்றொன்று நம் கிருஷ்ணகிரி. இவ்விரண்டு ஊர்களின் ஆலைகளிலிருந்து சவூதி அரேபியாவுக்கும், ஏமனுக்கும், நெதர்லாந்துக்கும், இன்னும் பல நாடுகளுக்கும் கூழ் சென்றுகொண்டிருக்கின்றது. சந்தூரில் ஒட்டுக் கட்டிய கன்று, ஜகதேவியில் மரமாகி, அதன் பழம் சவூதி நாட்டுக் குழந்தையின் கையிலுள்ள பானமாகின்றது. இதனை எண்ணி நாம் பெருமிதம் கொள்வதுண்டு. அப்பெருமிதத்தில் நமக்கு எத்தனை காசு என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

அவ்வாண்டு விலை வீழ்ந்தமைக்கு மழையும் காரணமன்று, வறட்சியும் காரணமன்று. முந்திய 2024-ஆம் ஆண்டு வெப்பத்தால் விளைச்சல் குன்றியது. பழத்திற்கு நல்ல விலை கிடைத்தது. உயர்ந்த விலைக்கு வாங்கிப் பிழிந்த கூழை ஆலையார் பீப்பாய்களில் நிரப்பி வைத்தனர். அது விலைபோகவில்லை. ஏனெனில், 2023 நவம்பர் முதல் செங்கடலிற் செல்லும் வாணிகக் கப்பல்களை ஏமன் நாட்டு ஹூதியர் தாக்கத் தொடங்கினர். உலக வாணிகத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சூயஸ் கால்வாய் வழியே நடந்துவந்தது. கப்பல்கள் அவ்வழியை விடுத்து ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பயணம் பத்து நாள், பதினான்கு நாள் மிகுந்தது, கப்பற்கூலி ஏறியது. கூழை வாங்கும் ஏமனே போர்க்களமாயிற்று. இங்ஙனம் பழைய பீப்பாய்கள் கிடங்கை அடைத்துக்கொண்டிருக்கையில், 2025-இல் மரங்கள் குறைவின்றிக் காய்த்தன. ஆலையார் கையை விரித்தனர். நாம் வாயிலில் நின்றோம்.

இங்கே நாம் ஊன்றிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கூழை நன்கு காய்ச்சிக் கிருமிகளை ஒழித்து, குளிர்வித்து, கிருமியற்ற பையிலிட்டுப் பீப்பாயில் அடைத்துவிட்டால், அது குளிர்ப்பெட்டியின் துணையின்றியே ஒன்றரை ஆண்டுக்கு மேலும் கெடாதிருக்கும். பழமோ, பறித்த பின் ஒரு வாரம் தாங்குதல் அரிது. ஒரே பொருள், மரத்திலிருக்கும்போது நம்முடையது, பீப்பாயிலிருக்கும்போது பிறருடையது. நம்முடையதாய் இருக்குங்கால் அதனாற் காத்திருக்க இயலாது. பிறருடையதானபின் அது காத்திருக்கும் ஆற்றல் பெறுகின்றது. விலை பேசும் இருவருள் எவன் நாளைக்கு வா என்று சொல்ல வல்லனோ அவனே விலையை வகுக்கின்றான்.

இது புதிதன்று. நம் முன்னோர் கடல்வாணிகத்தில் உலகறிய வாழ்ந்த காலத்தை எண்ணுங்கள். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் கடல்வழி வந்த குதிரைகளும் மலைநாட்டு மிளகு மூடைகளும் குவிந்து கிடந்த காட்சியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய ஆசிரியர் பிளினி, ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகின்றதே என்று மனம் புழுங்கி எழுதியுள்ளார். அந்நாளில் நம்மவர் கை ஓங்கியிருந்தமைக்குக் காரணம் யாது? வீரம் என்பர் சிலர். கப்பற்கலை என்பர் சிலர். இரண்டும் உண்மையே. ஆயினும் மிளகு உலர்ந்த பொருள் என்பதை நம் மேடைகளில் எவரும் சொல்வதில்லை. தென்மேற்குப் பருவக் காற்று கொண்டுவரும் கப்பல் இவ்வாண்டு பிந்தினால் மிளகு அடுத்த ஆண்டுவரை மூடையிற் கிடக்கும். தந்தமும் முத்தும் அங்ஙனமே. முசிறியிலிருந்து சரக்கேற்றிச் சென்ற ஹெர்மபோலன் என்னும் கப்பலைப் பற்றிய கிரேக்கக் கடன்பத்திரம் ஒன்று வியன்னா நகரில் இன்றும் உளது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது. அக்காலத்து ரோமானியர் இச்சரக்கின்மேல் வாங்கிய இறக்குமதித் தீர்வை நாலில் ஒரு பங்கு, அஃதாவது நூற்றுக்கு 25. அத்துணைத் தீர்வையையும் தாங்கி அவ்வாணிகம் நடந்தது. வாங்குவோர்க்கு அப்பண்டம் வேறெங்கும் கிடையாது. விற்போர்க்கு விரைவு இல்லை.

இந்நூற்றுக்கு 25 என்பது உங்களுக்கு வேறொன்றை நினைவூட்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகள் இந்தியப் பொருள்களின்மேல் 2025 ஆகஸ்டு 7 முதல் நூற்றுக்கு 25-உம், அம்மாதம் 27 முதல் மேலும் 25-உம் தீர்வை விதித்தன. இருமடங்காயிற்று. நம் பக்கத்துக் கருங்கல் அறுத்து மெருகிடுவோர் அன்று பட்ட பாட்டை அறிவீர்கள். ஒரு நாட்டின் தலைவர் ஒரு மாலையில் ஒப்பமிட, மறுநாள் காலை ஜகதேவிச் சாலையில் பேச்சு அதுவேயாக இருந்தது. பாறையாவது காத்திருக்கும்; எத்தனையோ ஊழிகள் காத்திருந்ததுதானே! கல்லறுக்கும் பொறிக்காக வாங்கிய கடனின் வட்டி காத்திராது.

உலக வாணிகம் எங்ஙனம் இவ்வளவு பெருகியது என்பதையும் சிறிது கூறுதல் வேண்டும். 1956 ஏப்ரலில் அமெரிக்கர் மால்கம் மக்லீன் என்பார், 58 இரும்புப் பெட்டகங்களைக் கப்பலொன்றில் ஏற்றி நியூவார்க் துறையிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூடை மூடையாய்ச் சுமந்து ஏற்றிய வேலை போய், லாரியின்மேலிருந்த பெட்டகம் அப்படியே கப்பலேறும் வழக்கம் பிறந்தது. நம் ஊர் நெடுஞ்சாலையில் சென்னைத் துறைமுகம் நோக்கி இரவெல்லாம் ஓடும் கண்டெய்னர் வண்டிகள் அதன் பேரப்பிள்ளைகளே. 1970-ஆம் ஆண்டளவில் உலகின் ஏற்றுமதி இறக்குமதி இரண்டையும் கூட்டினால் உலக உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. 2008-இல் அஃது ஐந்தில் மூன்று பங்காயிற்று. இடையில் 1991-இல் இந்தியா தன் கதவைத் திறந்தது. 1995-இல் உலக வாணிக அமைப்பு தோன்றியது. 2001-இல் சீனம் அதிற் சேர்ந்தது. 2008-க்குப் பின்னரோ அந்த ஏற்றம் நின்றுபோயிற்று. சிலவாண்டு இறங்கும், சிலவாண்டு மீளும். முன்போல் ஏறுமுகம் இல்லை. நாடுகள் மீண்டும் தீர்வை மதில்களை எழுப்புகின்றன. வாணிகம் பெருகும் காலத்தில் நட்ட மரங்கள் நம்முடையவை. அது தேங்கிய காலத்திற் காய்த்துக்கொண்டிருக்கின்றன. மரம் அரசியலைப் பார்த்துப் பூப்பதில்லை.

மதில் எழுப்புதல் வல்லரசுகளுக்கே உரியதென்று எண்ணற்க. 2025 ஜூன் முதல் வாரத்தில் ஆந்திர நாட்டுச் சித்தூர் மாவட்டத்தார், அயல் மாநிலக் கிளிமூக்குப் பழம் தம் மாவட்டத்துள் நுழையலாகாது என்று தடுத்தனர். கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவுக்கு அதுபற்றிக் கடிதம் எழுத நேர்ந்தது. ஆந்திர அரசு தம் உழவர்க்கு, ஆலை தரும் 8 ரூபாயோடு அரசு 4 ரூபாய் சேர்த்துக் கிலோவுக்கு 12 ரூபாய் என வகுத்தது. கர்நாடகத்துக்கு மைய அரசு, இரண்டரை இலட்சம் டன் வரையில், கிலோவுக்கு ஏறத்தாழ 16 ரூபாயைக் கணக்கு விலையாகக் கொண்டு குறைவை ஈடுசெய்ய இசைந்தது. தமிழ்நாட்டின் சார்பிலும் வேண்டுகோள் சென்றது. நம் உழவர் கிருஷ்ணகிரியில் போராடினர். மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இம்மூலையில் ஒரே மண்ணில், ஒரே வெயிலில், ஒரே கன்றிலிருந்து வந்த பழத்திற்கு வேலிக்கு வேலி வேறு வேறு கதி! இவ்வாறு உதவி பெற்றவரும் அடுத்த ஆண்டுக்கு உறுதி பெற்றாரல்லர். மூழ்குகின்றவனை அவ்வமயம் தூக்குதல் வேறு, நீந்தக் கற்பித்தல் வேறு.

இனிக் காசுக் கணக்கு. பழச்சாறு கலந்த பானம் என்று பெயரிட்டு விற்பதாயின் அதில் நூற்றுக்குப் பத்துப் பங்கேனும் பழச்சாறு இருத்தல் வேண்டுமென்பது இந்திய உணவுத் தர விதி. ஒரு லிட்டர் பானத்தில் 100 கிராம் கூழ் என்று கொள்வோம். இரண்டு கிலோ பழம் ஏறத்தாழ ஒரு கிலோ கூழாகும். ஆகவே அந்த லிட்டருக்குச் சென்ற பழம் 200 கிராம். கிலோ 5 ரூபாயாயின் அதன் விலை ஒரு ரூபாய். பழம் கிலோ 20 ரூபாய்க்கு விற்றாலும் 4 ரூபாய். பழம் நாலில் ஒரு பங்காக விலை வீழ்ந்த அந்த ஆனியில், பெட்டிக்கடையில் பானத்தின் விலை இறங்கக் கண்டவர் இங்கு உளரோ? 2025 செப்டம்பர் 22 முதல் அப்பானங்களின் மேலுள்ள சரக்கு சேவை வரி நூற்றுக்கு 12-லிருந்து 5 ஆகக் குறைந்தது நன்று. அப்போது நம் மரத்தில் இலையே இருந்தது.

மற்றொரு கணக்கு. பீப்பாய் ஒன்றிற்குக் கூழ் 215 கிலோ. இருபதடிப் பெட்டகம் ஒன்றிற்குப் பீப்பாய் 80. ஆகப் பெட்டகம் ஒன்றில் 17 டன் கூழ். அதற்கு 34 டன் பழம். அதாவது வீட்டுக்கு ஒரு டன் பழம் கொடுக்கும் 34 குடும்பங்கள் கூடினால் கப்பலேறும் ஒரு பெட்டகம் நிரம்பிவிடும். இம்மண்டபத்தில் அதனினும் மிகுதியான குடும்பங்கள் அமர்ந்துள்ளன. இதனைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெருக்கற் கணக்காகக் கொடுத்தோம். விடையைக் கண்டபின் வியந்தவர் யாமே.

நம் ஊர்க் கடைத்தெருவையே பாருங்கள். பர்கூரைக் குட்டிச் சூரத்து என்று வெளியூரார் அழைக்கின்றனர். ஆடிக்கு விலைபோகாத துணி தீபாவளிக்குப் போகும். தீபாவளிக்குப் போகாதது பொங்கலுக்குச் சற்று விலை குறைத்தேனும் போகும். துணிக்கடையாருக்கு இடர் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் இரவு உறங்கலாம். தோப்புக்காரன் பழம் கனிந்த இரவில் உறங்குவதில்லை. முற்காலத்தும் இந்நிலை இருந்தது. பாராமகால் எனப்பட்ட இந்நாடு 1792-இல் ஆங்கிலக் கம்பெனியாரிடம் சேர்ந்தபின், அலெக்சாந்தர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கேதான் உழவரிடம் நேரே வரி தண்டும் இரயத்துவாரி முறையைத் தொடங்கினர். வரியைப் பணமாகக் கட்டவேண்டும். கிஸ்தி நாள் வந்தால் தவசத்தை வந்த விலைக்குத் தள்ளவேண்டும். கிஸ்தி போயிற்று; அதன் இடத்தில் கூட்டுறவுக் கடன் தவணையும், நகைக்கடன் வட்டியும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் வந்தமர்ந்தன. மூன்றும் மாம்பழக் காலத்திலேயே வருகின்றன.

"மரத்தை வெட்டிவிட்டு மகனையும் மகளையும் ஆலைக்கு அனுப்பினால் மாதச் சம்பளம் வருமே" என்று சிலர் கூறுகின்றனர். தவறென்று சொல்லோம். 1984-இல் டைட்டான் நிறுவனம் பிறந்து ஓசூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய நாள் தொட்டு, அவ்வூர்ப் பக்கம் சென்ற நம் பிள்ளைகளால் எத்தனை வீடுகளில் விளக்கேறியது என்பதை அறிவோம். 2021-இல் போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலா நிறுவனத்தின் மின்சார வண்டி ஆலை எழுந்தது. நம் பர்கூர்ச் சிப்காட்டில் தைவானியர் நடத்தும் ஆலையில் அயல்நாட்டார் ஓடியாடும் காலணிகளை நம் பெண்மக்கள் தைக்கின்றனர். எனினும் ஒன்று கேளுங்கள். இன்றைய நாளின் உழைப்பு இன்றே விலைபோகாவிடின் நாளை அதனை எடுத்து விற்க இயலுமோ? மாம்பழத்திற்காவது ஒரு வாரம் உண்டு. உழைப்பிற்கு அந்தி வரையே தவணை. தோப்பை விட்டு ஆலைக்குச் செல்பவன், காத்திருக்க இயலாப் பண்டம் ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கையிற் கொள்கின்றான். கையில் ஒரு தொழில் நுட்பம் இருக்குமாயின் அவன் வேறு வாயிலிற் சென்று நிற்கலாம். இல்லையேல் நின்ற வாயிலிலேயே நிற்பான். ஆதலின் ஆலைக்குச் செல்லும் பிள்ளைகள் தொழிற்பயிற்சிச் சான்று ஒன்றேனும் பெற்றபின் செல்க. தோப்பிருக்கும் வீட்டுப் பிள்ளை மாதச் சம்பளமும் பெறுவானாயின், அச்சம்பளமே ஆனி மாதத்தில் அவன் தந்தைக்குக் காத்திருக்கும் ஆற்றலைத் தரும். வெட்டிவிட்டால் அதுவும் இல்லை.

பெரியவரின் வினாவிற்கு வருவோம். கிளிமூக்கு ஒன்றையே நட்டுள்ள தோப்புகளில் மரம் முழுவதையும் வீழ்த்தல் வேண்டா. முதிர்ந்த மரத்தின் கிளைகளை அளவாக வெட்டி, புதிதாய் எழும் தளிரில் வேறு வகையை ஒட்டுக் கட்டினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கும்; வேரும் அடிமரமும் வீணாகா. சந்தூரில் இவ்வேலை அறிந்தவர் பலர். மூன்றில் ஒரு பங்கு மரங்களை இமாம் பசந்து, பங்கனப்பள்ளி, செந்தூரா போன்று உண்பார் கைக்கே நேரே செல்லும் வகைகளாக மாற்றுவோர், ஆலை வாயிலை மட்டும் நம்பியிரார்.

எஞ்சிய பழத்திற்கு யாம் கூறுவது இது: பழத்தை ஆலைக்கு விற்றுவிடாமல், கூலி கொடுத்துக் கூழாக்கி, பீப்பாயை நம் பேரிலேயே வைத்துக்கொள்ளுதல். உழவர் பதின்மர் கூடினாலே உற்பத்தியாளர் நிறுவனம் பதிவு செய்யச் சட்டம் இடம் தருகின்றது. இதில் ஆபத்தில்லை என்று சொல்லி உங்களை மயக்க மாட்டோம். 2024-இல் பீப்பாய் நிரப்பி வைத்தவர்களே 2025-இல் இடர்ப்பட்டனர் என்பதை மேலே கூறினோம். காத்திருக்கும் வல்லமை என்பது ஒன்று. காத்திருந்தால் விலை வந்தே தீரும் என்னும் உறுதி பிறிதொன்று. பின்னதை எவரும் தர இயலாது. ஆகவே முதலாண்டு ஒரே பெட்டகம். வீட்டுக்கு ஒரு டன்னுக்கு மேற்படலாகாது. அவ்வொரு டன் முழுதும் போயினும் குடும்பம் நிலைகுலையாது; நின்றால் நமக்குக் கடல்வாணிகம் இன்னதென விளங்கும்.

செயற்குழுவில் இருவர் இதற்குச் சங்கத்தின் கல்வி நிதியை எடுக்கலாம் என்றனர். யாம் அதனை மறுக்கின்றோம். அந்நிதி பிள்ளைகளுடையது, பீப்பாயில் அடைத்தற்குரியதன்று. சேர்வோர் தத்தம் பங்கைத் தாமே இடுக. மற்றொன்று: நம்மவர் மட்டும் சேரவேண்டும் என்று சிலர் விரும்புவர். நம் தோப்பிற்கு அடுத்த தோப்பு வேறு மரபினருடையது. ஆனியில் வாயில் வரிசையில் அவர் வண்டி நம் வண்டிக்கு முன்னும் பின்னும் நின்றது. அவர் பையன் கொண்டுவந்த சோற்றை நம்மவரும் உண்டனர். கூழில் எவர் பழம் எது என்று பிரித்தறிய எவராலும் ஆகாது. 34 வீட்டில் பாதி பிறராயினும் யாம் மகிழ்வோம். இது குறித்து முரண்படுவோர் இக்கூட்டத்திலேயே எழுந்து பேசுக.

தை பிறந்து பூப்பிடிக்கும் முன்னர், ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் தோப்பில் எவ்வகை மரம் எத்தனை, சென்ற மூன்றாண்டுகளில் எத்தனை டன், என்ன விலை, எந்நாளில் விற்றது என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் சேர்ப்பிக்க வேண்டுகின்றோம். எழுத இயலாத மூத்தோர் ஞாயிறுதோறும் பள்ளித் திண்ணைக்கு வந்தால் எம் மாணாக்கர் எழுதித் தருவர். அத்தாள்களுடன் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலையார் மூவரிடம் சென்று, கூழாக்கும் கூலி, பீப்பாயும் பையும் ஆகும் விலை, கிடங்கு வாடகை ஆகியவற்றை எழுத்து மூலமாகவே கேட்டு வருவதற்கு ஐவர் முன்வரல் வேண்டும். அவர்கள் கொணரும் விடை மாசி இதழில் வெளிவரும். மரம் வெட்ட ஆள் பேசியிருப்போர் அதுவரை முன்பணம் கொடாதிருப்பார்களாக.